ஜேர்மனியில் இருந்து வந்த பாய்

புத்தூர்
18.01.2024

அன்புத் தங்கச்சி றொசாந்திக்கு,

என் இடுப்பு நாரி நோவைத் தவிர இந்த வீட்டில் மற்ற எல்லாம் சுகம். நீயும் கோகுலனும் பிள்ளை அபிராவும் அந்தக் குளிருக்குள் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கதைக்கலாம்தான். ஆனால் உன் அத்தான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு இடையில் புகுந்து வெங்காய விலை சொல்லத் தொடங்கிவிடுவார். மனம்விட்டுக் கதைப்பதென்றால் நமக்குக் கடிதம்தான் சரி.

முதலில் நல்ல செய்தி. எங்கள் மகள் சாருஜாவுக்குக் கலியாணம் ஒப்பேறிவிட்டது. மாப்பிள்ளை நல்லூர்ப் பெடியன், பெயர் செந்தூரன், கணிதம் படிப்பிக்கிறார். ஆவணிக் கடைசியில் முகூர்த்தம். அன்று காலையில் பிள்ளையைக் குளிக்க வார்க்கும்போது அவள் தலையில் முதல் பாலும் அறுகும் நீதான் வைக்க வேண்டும். அம்மா இல்லாத இடத்தில் எனக்கு இருப்பது நீ ஒருத்திதான். நீ கடைசியாக வந்து அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டபோது அவள் சின்னப்பிள்ளை. இந்த முறை சாட்டுச் சொல்லக்கூடாது.

உன் பெட்டி வந்து சேர்ந்தது. சவர்க்காரம், சொக்லேற், அத்தானின் சேர்ட் எல்லாம் நல்லாயிருக்கின்றன. ஆனால், என்னடி அந்தப் பச்சைப் பாய்? நாரிக்குத் தேகப்பயிற்சி செய்யப் பாய் வேண்டும் என்று நான் கேட்டது உண்மைதான். சுருளை விரித்ததும் கார் ரயர் கடையும் மண்ணெண்ணெய்ப் பீப்பாவும் ஒன்றாக வீட்டுக்குள் வந்தது போல ஒரு நாற்றம். முகம் குப்புறப் படுத்து ஒரு மூச்சு இழுத்தேன். குமட்டிச் சத்தி வந்துவிட்டது. அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "உதென்னப்பா, வீட்டுக்கை ஆரும் ரயர் கொளுத்தினவையே?" என்று கேட்டார். நாளைக்கு வெயிலில் போடப் போகிறேன். வெயில் காட்டினால் போகாத மணம் எங்கள் ஊரில் ஏது?

பிளேன் ரிக்கற் பார்க்கத் தொடங்கு.

உன் அக்கா,
உதயகலா


டோட்முண்ட்
07.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் வைத்தே வாசித்தேன். சாருஜாவுக்குக் கலியாணம் என்றதும் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரிக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது. நாங்கள் சுகம். அபிராவுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது, பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் நாரிக்கு ஒத்தடம் பிடிக்கிறீர்களா?

கட்டாயம் வருவேன் அக்கா. லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் அறுகு நான் வைப்பதென்பதைக் கோகுலனிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது.

பாயை வெயிலில் மட்டும் போடாதீர்கள். அந்தச் சாமான் வெயில் பட்டால் இளகிப் பிசுபிசுக்கும், மணமும் கூடும். எண்ணெய் பட விடாதீர்கள். எலுமிச்சை, தேசிக்காய்ப் புளி ஒன்றும் கூடாது. கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, நிழலில், காற்றுப் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். சுருட்டி வைக்க வேண்டாம். புதிதில் கொஞ்சம் மணக்கும், பிறகு மூக்குப் பழகிவிடும். அது நல்ல பாய் அக்கா. வெட்டில் ஒரு பிசிறுகூட இல்லாததாகப் பார்த்துத்தான் எடுத்தேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
றொசாந்தி


புத்தூர்
05.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அபிராவுக்குத் தடிமன் விட்டதா? கொத்தமல்லி அவித்துக் கொடு. எங்களுக்கு ஒரு குறையுமில்லை, மூக்கைத் தவிர.

உன் புத்திமதி வந்து சேர முன்னரே பாயைக் கொடியில் போட்டுவிட்டேன். நீ சொன்னது சரி. பாய் இளகி, பலாப்பால் பட்டது போலக் கையில் ஒட்டியது. பிறகு வேப்பிலை அவித்த தண்ணீர் ஊற்றினேன். தேசிக்காய் தேய்த்தேன். சாம்பிராணி போட்டேன். கடைசியில் அத்தான் அதைப் புகையிலைக் குடிலுக்குள் கொண்டுபோய்த் தொங்கவிட்டார். இரண்டாம் நாள் அவரே அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "இனி உதைக் குடில் பக்கம் கொண்டுவந்தியெண்டால் பார். புகையிலையை ஒருத்தனும் வாங்கான்" என்று கத்தினார். இப்போது அந்தப் பாயில் ரயரும் சாம்பிராணியும் புகையிலையும் சேர்ந்து மணக்கின்றன. எது எதை வெல்கிறது என்று தெரியவில்லை.

அந்தக் கோலத்தோடுதான் நல்லூரில் சனிக்கிழமை யோகா வகுப்புக்குக் கொண்டுபோனேன். பராசக்தி ரீச்சர் கண்ணை மூடி, "ஆழமா மூச்சை உள்ளை எடுங்கோ" என்றா. எடுத்த எல்லோரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். ரீச்சர் மிகவும் பண்பாக, "உதயகலா அக்கா, நீங்கள் வெளி விறாந்தையிலை இருந்து செய்யுங்கோவன், அங்கை நல்ல காத்து" என்றா. செருப்புகளுக்குப் பக்கத்தில் கிடந்து காலைத் தூக்கினேன். என் மானமே போய்விட்டது.

மூக்குப் பழகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். என் மூக்கு ஏன் இதற்குப் பழக வேண்டும்? உன் ஓபிசுக்கு ஒரு நாள் இதைக் கொண்டுபோய் விரித்துப் பார். உன்னை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

லீவு கிடைத்ததா?

அக்கா,
உதயகலா


டோட்முண்ட்
28.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தடிமன் விட்டு, அபிரா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு வேலை கொஞ்சம் கூட, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

லீவு அனேகமாகக் கிடைத்துவிடும். சாருஜாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டு எழுதுங்கள்.

அக்கா, உண்மையிலேயே அவ்வளவு மோசமாகவா மணக்கிறது? பக்கத்தில் இருக்க முடியாத அளவுக்கா? எனக்கு அது அப்படித் தெரியவில்லை, அதுதான் கேட்கிறேன்.

அன்புடன்,
றொசாந்தி


புத்தூர்
27.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

புது வருடம் எங்களுக்கு நல்லபடி பிறந்தது. உங்களுக்கும் அப்படியே இருக்க வேண்டும். சாருஜாவுக்கு மயில் கழுத்து நிறம் பிடிக்கும்.

அவ்வளவு மோசமாகவா என்று கேட்டாய். கேள். அத்தானின் கூட்டாளி ஏரம்பு தொண்டைமானாற்றில் இருக்கிறார், உனக்குத் தெரியும். "கிடுகு பின்ன ஓலையைத் தண்ணியிலை ஊறப் போடுறேல்லையே? உப்புத் தண்ணியிலை ஒரு கிழமை கிடந்தால் எந்த மணமும் போகும்" என்று சொல்லி, பாயைக் கொண்டுபோய்க் கல்லுக் கட்டி ஆற்றில் போட்டார். ஒரு கிழமை கழித்து அதைத் திருப்பிக் கொண்டுவந்தார் பார், படலைக்கு வெளியிலேயே நிற்பாட்டினேன். சேற்று நாற்றம், அழுகின இறால் நாற்றம், மடிப்புக்குள் செத்த நண்டுக் குஞ்சு. வெள்ளிக்கிழமை வேறு, நாங்கள் சைவம். வாளி வாளியாய்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். இறால் போனது. அடியில் கிடந்த அந்த ரயர் நாற்றம் மட்டும் அசையாமல் இருந்தது. ஆட்டுக் கொட்டிலில் விரித்துவிட்டேன். ஆடு மணந்து பார்த்துவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றது. ஆட்டுக்கே அரியண்டம்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. இதைச் செய்கிற சனம் எப்படித்தான் சோறு தின்கிறதோ? நாள் முழுக்க இதற்குள் நின்றால் தலைமயிருக்குள்ளும் தோலுக்குள்ளும் ஊறிவிடாதா? எத்தனை சவர்க்காரம் தேய்த்தாலும் அந்தக் கை மணக்கும். அப்படி ஒரு கை தொட்ட தண்ணீரையும் நான் குடிக்க மாட்டேன்.

சரி, உன் கைக்கு வளையல் அளவு அனுப்பு. அறுகு வைக்கும்போது எல்லோரும் உன் கையைத்தான் பார்ப்பார்கள். வீடியோக்காரனும் கிட்டப் பிடிப்பான்.

அக்கா,
உதயகலா


புத்தூர்
04.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. உடம்புக்கு ஏதும் சுகமில்லையா? போன் எடுத்தால் கோகுலன்தான் கதைக்கிறார். நீ குளிக்கிறாய் என்கிறார், எப்போது எடுத்தாலும் குளிக்கிறாய்.

உனக்குச் சீலை எடுத்துவிட்டேன், அரக்கு நிறம், தங்கக் கரை. வளையல் அளவு இன்னும் வரவில்லை. நகைக் கடைக்காரன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். சாருஜா தன் சிநேகிதிகளுக்கெல்லாம் "என்ரை சின்னம்மா வாறா" என்று சொல்லித் திரிகிறாள்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா,
உதயகலா


டோட்முண்ட்
20.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பிந்தி எழுதுவதற்கு மன்னியுங்கள்.

லீவு கிடைக்கவில்லை. இந்தமுறை என்னால் வர முடியாது. அறுகு வைக்க வேறு ஒரு சுமங்கலியைப் பாருங்கள். அத்தானின் பக்கத்தில் நல்ல கையுள்ள ஆட்கள் இருப்பார்கள். சீலையை அவர்களுக்கே கொடுங்கள். சாருஜாவுக்கு மயில் கழுத்து நிறத்தில் ஒரு சால்வை வாங்கியிருக்கிறேன். கடையில் இருந்து நேரே உங்கள் விலாசத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதில் எந்த மணமும் இருக்காது.

றொசாந்தி


புத்தூர்
09.07.2024

றொசாந்திக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்படியில் இருந்து அழுதேன். பிள்ளை வந்து, "ஏனம்மா?" என்று கேட்க, வெங்காயம் என்று சொன்னேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

லீவு இல்லை என்பதை நான் நம்பவில்லை. நீ ஓபிசில் இருந்து இருந்து பெரிய ஆளாகிவிட்டாய். உனக்கு இப்போது எங்கள் கிணற்றடி அரியண்டம். மாட்டுச் சாணமும் புகையிலையும் எங்கள் கக்கூசும் மணக்கும். உன் பிள்ளை மூக்கைப் பொத்துவாள் என்று பயப்படுகிறாய். அதை நேரே சொல்லிவிடு. சொந்த அக்கா மணக்கிறாள், அதனால் வரவில்லை என்று எழுது. நான் தாங்கிக்கொள்கிறேன்.

உதயகலா


டோட்முண்ட்
23.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தக் கை தொட்ட தண்ணீரையும் குடிக்க மாட்டேன் என்று எழுதினீர்களே, அந்தக் கை என்னுடையதுதான்.

எனக்கு ஓபிசில் வேலை இல்லை. கொம்பனியில் வேலை என்று நான் சொன்னேன். அதை நீங்கள் ஓபிஸ் என்று ஊருக்குச் சொன்னீர்கள். நான் திருத்தவில்லை. நான் யோகாப் பாய் செய்யும் பக்ரறியில் நிற்கிறேன். அபிரா பிறந்த அடுத்த வருடத்தில் இருந்து அங்கேதான். சூட்டோடு சுருளாக வருவதை விரித்து, வெட்டி, பிசிறு பார்த்து, சுருட்டிக் கட்டுவது என் வேலை. உங்களுக்கு வந்த பச்சைப் பாய் என் மேசையில் நான் வெட்டியது. என் கையால் செய்த ஒரு சாமானில் அக்கா படுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சொல்லத் துணிவில்லை, அதனால் கடையில் வாங்கியது போல அனுப்பினேன்.

அது மணக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது அக்கா. என் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. முதல் வருடம் நானும் வேலையிடத்தில் சத்தி எடுத்திருக்கிறேன், பிறகு ஒன்றும் தெரியவில்லை. உங்கள் கடிதம் வந்த பின்புதான் சிலது விளங்கியது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை ஏன் காலியாகவே இருக்கிறது என்று விளங்கியது. பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போகும்போது அபிரா என் கோட்டில் வாசனைச் சென்ற் அடித்துவிடுவாள், அன்பில் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். கோகுலனிடம் கேட்டேன். "எனக்கு மணக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் பார்த்தார். அன்றிலிருந்து குளித்துக்கொண்டே இருக்கிறேன். தோல் உரிகிறது. போகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

உங்கள் கிணற்றடி எனக்கு அரியண்டமா? அந்தத் தண்ணீரில் ஒருதரம் தலைமுழுகினால் போதும் என்று இருக்கிறது. லீவு எப்போதோ கிடைத்துவிட்டது. இல்லை என்று எழுதியது பொய். சாருஜாவின் தலையில் இந்தக் கையை வைக்கும்போது அவள் முகத்தைச் சுளித்தால் அதைப் பார்க்க என்னால் ஏலாது. அதனால்தான் வரவில்லை.

உங்கள் தங்கச்சி,
றொசாந்தி


புத்தூர்
10.08.2024

என் தங்கச்சிக்கு,

நான் சுகமில்லை. உன் கடிதம் வந்த நாளில் இருந்து சோறு இறங்கவில்லை.

வாசித்து முடித்ததும் கொட்டிலுக்குப் போய்ப் பாயை எடுத்து வந்தேன். புழுக்கையைத் தட்டிக் கழுவி, விறாந்தையில் விரித்துப் படுத்தேன். மணக்கவில்லை என்று உனக்கு எழுத வேண்டும் என்பதற்காகவே படுத்தேன். என்னால் பொய் எழுத முடியவில்லை றொசாந்தி. மணக்கிறது. குமட்டுகிறது. ஆனால் இது உன்னை நாள் முழுக்கச் சுற்றி நிற்கிற நாற்றம் என்று நினைத்தபோது, நான் எழுதியவைதான் அதைவிடக் குமட்டின. என் வாயைத்தான் ஆற்றில் கல்லுக் கட்டி ஊறப் போட்டிருக்க வேண்டும்.

நேற்று செந்தூரனின் தாய் கலியாணப் பலகாரம் சுட நாள் பார்க்க வந்தா. பாய் கொடியில், நிழலில், நீ சொன்னபடி தொங்கியது. சம்பந்தியம்மா சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உதென்ன நாத்தம்? எலி ஏதும் செத்துக் கிடக்குதோ?" என்று கேட்டா. எலி என்று சொல்லியிருக்கலாம். அத்தான் என்னைப் பார்த்தார், சாருஜா என்னைப் பார்த்தாள்.

"என்ரை தங்கச்சி செய்த பாய்" என்றேன்.

"அவ ஓபிஸ் எண்டல்லோ முந்திச் சொன்னியள்?"

"நான் சொன்னது பிழை. அவ பக்ரறியிலை பாய் வெட்டுறா. இந்த மணத்துக்கைதான் நிண்டு வேலை செய்யிறா. எங்கடை பிள்ளையின்ரை தலையிலை முதல் அறுகு அவதான் வைப்பா."

அவ தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே எழும்பிப் போய்விட்டா. கலியாணம் குழம்பினால் என்ன செய்வது என்று அத்தான் முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தார். இன்று காலையில் செந்தூரன் போன் எடுத்தார். "மாமி, அம்மா கொஞ்சம் அப்பிடித்தான். நான் கதைச்சிட்டன். சின்னம்மா எப்ப வாறா? எயாப்போட்டுக்கு நான் வாடகை வான் பிடிச்சுக்கொண்டு போறன்" என்றார். பக்கத்தில் நின்று கேட்ட சாருஜா, "சின்னம்மா வைக்காட்டி நான் தலை முழுகமாட்டன்" என்றாள்.

வளையல் அளவு அனுப்பு.

அக்கா


டோட்முண்ட்
22.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சோறு சாப்பிடுங்கள். நானும் சாப்பிடுகிறேன்.

ரிக்கற் எடுத்துவிட்டேன். கலியாணத்துக்கு ஒரு கிழமை முந்தி மூவரும் வந்து இறங்குவோம். வளையல் அளவு இரண்டே கால்.

ஒரேயொரு வேண்டுகோள். வந்தவுடன் என்னைக் கட்டிப்பிடிக்க வராதீர்கள். செந்தூரனின் வானில் கண்ணாடியைத் திறந்துவைத்துப் பின் சீற்றில் இருந்து வருகிறேன். படலையில் இருந்து நேரே கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகி, நீங்கள் அங்கே வாங்கிவைக்கும் புது உடுப்பை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவேன். பெட்டிகள் வெளியிலேயே இருக்கட்டும். கிணற்றடியில் ஒரு சீயக்காயும் மஞ்சளும் வைத்துவிடுங்கள். அறுகு வைக்கும்போது கை நிறையச் சந்தனம் பூசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
றொசாந்தி


புத்தூர்
31.08.2024

என் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். லீவில் வந்து நாளைக்கு ஜேர்மனிக்குத் திரும்பும் எங்கள் ஊர் றோய் தம்பியின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். தபாலை நம்பினால் நீ புறப்பட முந்தி இது வந்து சேராது.

கிணற்றடியில் சீயக்காயும் வைக்க மாட்டேன், மஞ்சளும் வைக்க மாட்டேன். வாளிக் கயிற்றைக் கழற்றி வைக்கும்படி அத்தானிடம் சொல்லிவிட்டேன். சந்தனம் பூசின கையால் நீ அறுகு வைத்தால் நான் தட்டிவிடுவேன். வானில் முன் சீற்றில் இரு.

நீ மணக்க மாட்டாய் என்று நான் சொல்லவில்லை. எனக்கு எப்படிப்பட்ட மூக்கு என்று உனக்குத் தெரியும். நீ படலையைத் திறந்ததும் நான் ஓடிவந்து கட்டிப்பிடிப்பேன். சிலவேளை சத்தி எடுப்பேன். எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, திரும்பவும் கட்டிப்பிடிப்பேன். நீ அந்த இடத்திலேயே நில்.

அக்கா